மலைக்குப் போனோம், கணக்குப் படித்து வந்தோம்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பனையோலைப் பெட்டி பின்னும் குழுவின் ஊக்குநர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசுவது வேறு, மைக்கைப் பிடித்துப் பேசுவது வேறு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் எங்கள் குழுவும் பக்கத்துத் தையல் குழுவும் சேர்ந்து ஒரு நாள் ஊட்டிக்குப் போய்வந்தோம். அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பயணத்தால் எங்களுக்கு ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

எதற்காகப் போனோம்

முதலில் செலவுக் கணக்கு. மொத்தம் 22 பேர், ஆளுக்கு 450 ரூபாய். வண்டிக்கு 7,500, சாப்பாட்டுக்கு 1,800, நுழைவுச் சீட்டு, மற்ற சில்லறைச் செலவு 600. ஆக 9,900 ரூபாய். குழுச் சேமிப்பில் ஒரு பைசா எடுக்கவில்லை. அவரவர் கையிலிருந்து போட்டது. சீட்டு எல்லாம் பொருளாளரிடம் இருக்கிறது.

ஊட்டி என்றதும் வீட்டில் "பூங்காவும் படகும் பார்க்கப் போறீங்களா?" என்றுதான் கேட்டார்கள். நாங்கள் போனது அதற்கில்லை. மலையில் வாழும் பழங்குடி மக்கள் கையால் செய்த பொருட்களை அவர்களே விற்கும் சந்தை ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். பழங்குடியினர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. நாமும் கைவேலை செய்கிறவர்கள்தானே, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள், எப்படி விற்கிறார்கள் என்று பார்த்து வரலாம் என்றுதான் கிளம்பினோம்.

விடியற்காலை நாலரை மணிக்கு வண்டி ஏறினோம். இ-பாஸ் முன்னாடியே எடுத்து வைத்திருந்தோம். மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் வழியாக ஏறினோம். எங்கள் குழுவின் பெரியம்மா, வயது அறுபத்தெட்டு, மலையே ஏறாதவர், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே போய்ச் சேரும்போது அவருக்குத் தெரிந்த சாமி எல்லாம் தீர்ந்துவிட்டது!

அருங்காட்சியகத்தில்

ஊட்டியில் இருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் முத்தோரை பாலாடா என்ற ஊர். அங்கே தமிழ்நாடு அரசின் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1983-இல் ஆரம்பித்தது. அதோடு சேர்ந்ததுதான் அருங்காட்சியகம்.

நம் மாநிலத்தில் 37 பழங்குடி இனங்கள் இருக்கின்றன. அதில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு இனத்தாரையும் தனிக் கவனம் தர வேண்டியவர்கள் என்று அரசு பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த ஆறு பேருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். எனக்கு இது அன்றுவரை தெரியாது. மலை ஆட்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். ஆறு பேருக்கும் வேறு வேறு பேச்சு, வேறு வேறு வீடு, வேறு வேறு தொழில்.

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். பாலும் நெய்யும் அவர்கள் உயிர். அவர்கள் ஊருக்கு மந்து என்று பெயர். பழைய வீடு மூங்கிலும் பிரம்பும் புல்லும் வைத்து, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வாசல் சின்னது, தவழ்ந்துதான் உள்ளே போகணும். கோத்தர்கள் இரும்பு வேலை, மர வேலை, மேளம், குழல். மண்பானை வனைவது அவர்கள் வீட்டுப் பெண்கள். குறும்பர்கள் பாறைத் தேன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள்.

முன்காலத்தில் இவர்களுக்குள் பணமே கிடையாது. தோடர் நெய் கொடுப்பார், கோத்தர் அரிவாளும் பானையும் கொடுப்பார், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொடுப்பார், படகர் தானியம் கொடுப்பார். ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் இல்லை. 1820-களில் வெள்ளைக்காரர்கள் வந்து ஊட்டியைக் கட்டினார்கள். பிறகு கடைவீதி வந்தது. ஆலையில் செய்த பொருள் வந்தது. மேய்ச்சல் நிலம் தோட்டமாகவும் பங்களாவாகவும் போனது. பழைய கொடுக்கல் வாங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நின்று போனது.

பழைய கூடை, முறம், உலக்கை, அணிகலன் எல்லாம் பார்த்துக்கொண்டே வந்த பெரியம்மா ஒரு கூடைக்கு முன்னால் நின்றுவிட்டார். "இந்த விளிம்பு முடியற மாதிரிதான் எங்கம்மா முடிவாங்க" என்றார். ஓலை இல்லை, மூங்கில்தான். ஆனாலும் கை போன வழி ஒன்றுதான். "இதைப் பின்னுனவ யாருன்னு கேக்கலாம்னா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லையே" என்றார். அது எனக்கு நாள் முழுக்க மனதில் இருந்தது.

சந்தையில்

மத்தியானம் சந்தைக்குப் போனோம். இங்கே கண்ணாடி இல்லை. பின்னியவர், தைத்தவர், வரைந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

குறும்பர் ஓவியம் பார்த்தோம். கோத்தகிரிப் பக்கம் அவர்கள் முன்னோர் பாறையில் வரைந்தது இன்னும் இருக்கிறது. அந்த வழியில் வந்த ஓவியம். வேங்கை மரத்துப் பிசினில் செம்பழுப்பு நிறம், இலையில் பச்சை, மண்ணில் வெள்ளை என்று எல்லா நிறமும் காட்டில் இருந்து எடுப்பது. தேன் எடுப்பது, ஆடுவது, பயிர் விதைப்பது எல்லாம் படத்தில் இருக்கிறது. ஒரு சின்னப் பொண்ணு எங்கள் எதிரிலேயே வரைந்தாள்.

தேன், மிளகு, மெழுகு, மூங்கில் சாமான் எல்லாம் பார்த்துவிட்டு, தோடர் பூ வேலைப்பாடு இருந்த இடத்துக்கு வந்தோம். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் இருக்கிற தடிப் பருத்தித் துணி. அதில் சிவப்பும் கறுப்பும் கம்பளி நூல். வேறு நிறம் அநேகமாக இல்லை. பெரிய போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். எருமைக் கொம்பு, மலை உச்சி, பாம்பு, சூரியன், நிலா என்று ஒவ்வொரு உருவுக்கும் ஒரு பொருள் இருக்கிறது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சின்னப் பணப்பை ஒன்று எடுத்தேன். விலை 350 என்று சீட்டு ஒட்டியிருந்தது. நம்ம பழக்கம் விடுமா? "இருநூறு ரூபாய்க்குக் குடுங்க அம்மணி" என்றேன்.

அந்தத் தோடர் தங்கச்சி கோபப்படவில்லை. பையைத் திருப்பி உள்பக்கம் காட்டி, "அக்கா, இதுலே எது நேர்ப்பக்கம், சொல்லுங்க" என்றாள். வழவழப்பாக இருந்த பக்கத்தைக் காட்டினேன். சிரித்தாள். "எங்களுக்கு அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் நேர். பின்னாலிருந்துதான் ஊசி போடுவோம். மேலே வரைஞ்சு வச்சுத் தைக்கறதில்லை. துணியோட இழையை எண்ணி எண்ணித்தான் போடணும். ஒரு இழை தப்பினா பிரிச்சு மறுபடியும் போடணும். இந்தப் பைக்கு ரெண்டு நாள் ஆச்சு. ரெண்டு நாள் வேலைக்கு நீங்க என்ன கேப்பீங்க?"

எனக்கு வாய் வரவில்லை. 350 கொடுத்து வாங்கிக்கொண்டேன். பெரிய போர்வைக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். வீட்டு வேலைக்கு நடுவில் மூன்று மாதம் ஆகும் என்றாள். "யாராவது பெரியவங்க இறந்தா, இதைப் போர்த்தித்தான் வழியனுப்புவோம்" என்றும் சொன்னாள்.

தோழிகளே, 350 ரூபாய்ப் பையை 200-க்குக் கேட்ட இதே வாய், நம்ம வீட்டுத் திண்ணையில் வியாபாரி உட்கார்ந்து "பெட்டிக்கு எழுபதுதான்" என்று சொல்லும்போது மூடிக்கொண்டுதானே இருந்தது?

வண்டியில் நடந்த சண்டை

கோத்தகிரி வழியாக இறங்கினோம். பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்க வேண்டியது. சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். சம்பந்தப்பட்ட தங்கச்சி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

தையல் குழுவில் இருக்கும் அவள், சந்தையில் எல்லாப் பூ வேலையையும் செல்போனில் படம் எடுத்திருந்தாள். "அக்கா, இதை அப்படியே மெஷின் எம்பிராய்டரியில் போட்டா, ரவிக்கைக்கு ஒண்ணுக்கு இருநூறு ரூபாய் கூலி கிடைக்கும். ஊட்டி டிசைன்னு சொன்னா உடனே போகும்" என்றாள்.

ஒரு அக்கா "அது தப்பு" என்றார். இன்னொரு அக்கா "என்ன தப்பு? பக்கத்து வீட்டு வாசல்லே கோலத்தைப் பார்த்து நம்ம வாசல்லே போடறதில்லையா? கோலம் யாரு வீட்டுச் சொத்து?" என்றார். நியாயமான கேள்விதான். கொஞ்ச நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு பெரியம்மாதான் பேசினார். "கோலத்தை யாரு விக்கறா? அந்தப் புள்ளைக்கு அந்தத் துணிதான் சோறு. போதாததுக்கு, செத்தவங்களுக்குப் போத்தற துணின்னு சொன்னாளே, அதையா ரவிக்கையிலே போடுவே?"

அப்போது என் மனதில் வந்தது இது. சில வருஷம் முன்னால், நம்ம ஓலைப் பெட்டி மாதிரியே பின்னல் போட்டு, பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்துச் சந்தைக்கு வந்தது. அன்றைக்கு நாம் என்ன சொன்னோம்? "எங்க பின்னலைத் திருடிட்டான்" என்று சொன்னோம். நமக்கு வந்தால் திருட்டு, நாம் செய்தால் டிசைனா?

இதில் சட்டம் என்ன என்று வந்த பிறகு விசாரித்தோம். புவிசார் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் அல்லது ஒரு மக்களின் தனித்தன்மையான பொருளுக்கு, அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொடுக்கும் பதிவு. சட்டம் 1999-இல் வந்தது, 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. தோடர் பூ வேலைப்பாட்டுக்கு 2013-இல் இந்தக் குறியீடு கிடைத்தது. தோடர்களின் நலவாழ்வுச் சங்கமும், கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளையும், அரசின் பூம்புகார் நிறுவனமும் சேர்ந்து முயற்சி செய்து வாங்கினார்கள். வேறு யாராவது செய்துவிட்டு இது தோடர் வேலைப்பாடு என்று பொய் சொல்லி விற்றால் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் முக்கியமாகக் காப்பது பெயரைத்தான். பெயரைச் சொல்லாமல் உருவத்தை மட்டும் எடுத்துப் போட்டால், சட்டத்தின் கை அவ்வளவு சுலபமாக எட்டாது. நம்ம பவானி ஜமுக்காளத்தையே பாருங்கள். அதற்கும் குறியீடு இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் நெய்தது மலிவு விலையில் வந்து கைத்தறிக்காரர் வயிற்றில் அடிக்கிறது. ஆகவே எட்டாத இடத்தில் நம்ம மனசாட்சிதான் காவல் நிற்கணும்.

அந்தத் தங்கச்சி மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, படத்தை வச்சுக்கறேன், தைக்க மாட்டேன்" என்றாள். நல்லது. ஆனால் அதோடு விட்டுவிட முடியுமா? அவளுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மெஷின் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது. "செய்யாதே" என்று சொல்வது சுலபம், அவள் தவணையை யார் கட்டுவது? யோசித்து ஒரு வழி கண்டோம். எங்கள் ஓலைப் பெட்டிக்கு உள்ளே துணி வைத்து, மேலே ஜிப் வைத்துத் தைக்க அவளிடம் கொடுக்கிறோம். முதலில் பத்துப் பெட்டி செய்து பார்த்தோம். பார்க்க நன்றாக வந்திருக்கிறது. அதோ மேசையில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள்.

எங்கள் கணக்கு

"ரெண்டு நாள் வேலைக்கு நீங்க என்ன கேப்பீங்க?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதிலைக் கண்டுபிடிக்க, வந்த வாரமே குழுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

துணி வைக்காத சாதாரணப் பெட்டி ஒன்றுக்கு ஓலை 20 ரூபாய், சாயம் 5 ரூபாய். ஓலை வார்ந்து, காயவைத்து, சாயம் தோய்த்து, பின்னி, விளிம்பு முடிக்க மொத்தம் ஐந்து மணி நேரம். வியாபாரி தருவது 70. செலவு 25 போக மிச்சம் 45. ஐந்து மணி நேரத்துக்கு 45 என்றால் ஒரு மணிக்கு 9 ரூபாய். எட்டு மணி நேரம் வேலை செய்தால் 72 ரூபாய்.

எங்கள் ஊரில் களை பறிக்கப் போனால் நாளுக்கு 300 ரூபாய். விரல் கிழியப் பின்னினால் 72. கணக்கை எழுதிய தங்கச்சி நோட்டை மூடி வைத்துவிட்டாள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மணிக்கு 20 ரூபாயாவது வேண்டும் என்று முடிவு செய்தோம். ஐந்து மணிக்கு 100, செலவு 25, பெட்டி 125 ரூபாய். அப்படியும் நாளுக்கு 160தான், களைக் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பேராசை இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

வியாபாரியிடம் 5,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தோம். அதை வைத்துக்கொண்டு விலை பேச முடியாது. தீர்மானம் போட்டு, குழுவில் உள்கடனாக எடுத்து, முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு 125 என்றோம். அவர் சிரித்தார். "எழுபதுக்கே உங்களுக்கு அதிகம். பக்கத்து ஊர்லே அறுபத்தஞ்சுக்குத் தர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மூன்று வாரம் ஆகிறது, வரவில்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் 86 பெட்டி அடுக்கி இருக்கிறது. நாங்கள் வைத்த விலைக்கு 10,750 ரூபாய். மூன்று உறுப்பினர்களுக்கு இந்த மாதம் தவணை கட்டவே சிரமம். "எழுபதுக்கே குடுத்திருக்கலாமோ" என்று ராத்திரி எனக்கே தோன்றுகிறது. உங்களிடம் மறைக்கவில்லை.

உங்களிடம் கேட்பது

பக்கத்து ஊரில் அறுபத்தைந்துக்குக் கொடுப்பதும் நம் கூட்டமைப்பில் உள்ள குழுதான். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியணும். ஆனால் நாம் ஒருத்தரை ஒருத்தர் தாழ்த்தி விலை சொன்னால், ஜெயிப்பது வியாபாரி மட்டும்தான். அதனால் மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, பெட்டி பின்னும் குழுக்கள் எல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து, மேலே நான் சொன்ன மாதிரி செலவும் நேரமும் எழுதி, ஒரே அடிவிலை வைக்க வேண்டும். அதற்குக் கீழே யாரும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். 125 அதிகம் என்று பட்டால் பேசுவோம். கணக்குக் காட்டிப் பேசுவோம்.

இரண்டு, தேங்கி இருக்கும் பெட்டிகளைக் கூட்டமைப்பு நிதியில் பாதி விலை முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றதும் மீதியைக் கொடுத்தால் போதும். எங்களுக்கு மட்டும் இல்லை, அறுபத்தைந்துக்குக் கொடுக்கும் குழுவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். கையில் கொஞ்சம் பணம் இருந்தால்தான் "மாட்டேன்" என்று சொல்ல முடியும்.

மூன்று, மகளிர் திட்ட அலுவலகம் மூலம் நடக்கும் கண்காட்சி, கல்லூரிச் சந்தை இவற்றில் நம் பெட்டிக்கு இடம் கேட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அங்கே பின்னியவரே உட்கார்ந்து விற்க வேண்டும். எத்தனை மணி நேர வேலை என்று ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுவோம். பேரம் பேசுகிறவர்களிடம் கோபப்பட வேண்டாம். அந்தத் தோடர் தங்கச்சி மாதிரி பெட்டியைத் திருப்பிக் காட்டினால் போதும்.

மலைக்குப் போக நினைக்கும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்துக்குப் போகும் முன் திறந்திருக்கும் நாளைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இ-பாஸ் எடுங்கள். பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் கொண்டுபோக வேண்டாம், நீலகிரியில் தடை இருக்கிறது. பொருள் வாங்கினால் செய்தவர் கையிலேயே வாங்குங்கள். படம் எடுக்கும் முன் அவர்களைக் கேளுங்கள், நாங்கள் கேட்காமல் விட்டோம். முக்கியமாக, விலையைக் குறைத்துக் கேட்கும் முன்னால், உங்கள் வீட்டுத் திண்ணையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

தீர்மானம் எழுதும்போது எங்கள் 86 பெட்டியை மறந்துவிடாதீர்கள்.